ஆக்ஸ்போர்டில் ஆங்கிலம் பட்டப் பாடமான வரலாறு

ஒரு கல்வியைக் கற்றோர் அவை கல்வியென ஒப்புக்கொள்ளுதற்கு அதன் உயர்வு ஒன்றே போதியதன்று. அதனைக் கற்றற்கு உரிய நூல்கள் செப்பமுற அமைந்துள்ளன என்பதும், அந்நூல்களை விளக்கவல்ல ஆசிரியர் உளர் என்பதும், கற்றாருடைய அறிவை அளந்து காண்டற்கு நெறியொன்று உண்டு என்பதும் ஐயமற நிலைநாட்டப்படல் வேண்டும். நிலைநாட்டப்படாத காறும், பெருமக்கட் கூட்டமொன்று பேசுவதும் பேரரசொன்று ஆட்சி செலுத்துவதுமாகிய மொழியே யாயினும், அது பல்கலைக் கழகத்தின் வாயிற்புறத்தே காத்து நிற்றல் நேரும். இஃது உயர்வுநவிற்சி யன்று. ஆங்கில மொழிக்கு அதன் தாயகத்திலே, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்திலே, உண்மையின் நேர்ந்த நிலை இதுவேயாம்.

திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்ட டாக்டர் ஜி. யு. போப்பையரைச் சைவ நன்மக்கள் நன்கறிவர். 1839-ஆம் ஆண்டில் தமிழ்நாடு போந்து, நெடுங்காலம் ஈண்டு வாழ்ந்து தமிழ் பயின்ற அப் பெரியார், தாயகம் மீண்ட பின்னர் 1884-ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து வந்தார். இந்திய சிவில் உத்தியோகத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஆங்கில இளைஞர் தாம் ஆளப்போகும் நாட்டின் மொழியைச் சிறிதேனும் அறிந்து செல்லுதற் பொருட்டே அவ்வகுப்புகள் நடைபெற்றன. போப்பையர் அப்பணியை மேற்கொண்ட 1884-ஆம் ஆண்டில், அப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலத்திற்கே ஆனர்ஸ் எனப்படும் சிறப்புப் பட்ட வகுப்பு இல்லை. வடமொழி முதலிய கீழ்நாட்டு மொழிகளுக்கு 1880-களிலேயே அத்தகைய வகுப்பு ஏற்பட்டது. ஆங்கிலமோ 1894-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. தாய்மொழி தன் மனையிலேயே விருந்தினும் பின்னாக இருக்கை பெற்றமைக்குக் காரணம் யாதென ஆராய்தல், இன்று யாதானும் ஒரு கல்வியைப் பட்டப் பாடமாக்க விழைவார்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

ஆக்ஸ்போர்டில் கல்வி எனப்பட்டது முற்காலத்தே கிரேக்க இலத்தீன் நூல்களின் பயிற்சியே. அவற்றின் இலக்கணம், காப்பியம், வரலாறு, தத்துவம் என்னும் நான்கினும் தேர்ந்தவனே புலவன் என மதிக்கப்பட்டான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவே இயற்கை விஞ்ஞானமும், சட்டமும், பிற்கால வரலாறும், அதன்பின் 1870-ஆம் ஆண்டில் சமய நூற் கல்வியும் தனித்தனிப் பட்ட வகுப்புகளாயின. இவை ஒவ்வொன்றும் நுழைந்த காலத்து எதிர்ப்பின்றி நுழையவில்லை. கிரேக்க மொழி அறிவு மாணவர் அனைவர்க்கும் கட்டாயம் என்னும் விதி 1920-ஆம் ஆண்டு வரை நீங்காது நிலைத்தது என்றால், பழமையின் பிடி அங்கு எத்துணை இறுகியிருந்தது என்பது தெளிவாம்.

ஆங்கில இலக்கியக் கல்வி பிற இடங்களில் முன்னரே தலையெடுத்திருந்தது. எடின்பரோவில் 1762-ஆம் ஆண்டிலேயே ஹ்யூ பிளேயர் என்பார் சொல்லணியும் இலக்கியமும் கற்பிக்கும் அரசுப் பேராசிரியராக அமர்ந்தார். இலண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியில் 1828-ஆம் ஆண்டில் தாமஸ் டேல் என்பார் ஆங்கிலப் பேராசிரியரானார். இவற்றினும் வியப்புக்குரியது இந்திய நாட்டின் நிலை. 1835-ஆம் ஆண்டில் அரசியலார் ஆங்கிலக் கல்வியை மேற்கொண்டமையானும், 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் மூன்று நகரங்களிற் பல்கலைக் கழகங்கள் தோன்றியமையானும், ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் தேர்வுப் பாடமாகப் படித்துப் பட்டம் பெறும் இந்திய மாணவர் ஆண்டுதோறும் பெருகினர். ஆக்ஸ்போர்டின் முதல் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக 1904-ஆம் ஆண்டில் அமர்ந்த வால்டர் ராலி என்பார், 1885 முதல் 1887 வரை வடநாட்டு அலிகார் நகரத்து முகம்மதிய ஆங்கிலக் கீழ்நாட்டுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவரே. ஆக்ஸ்போர்டில் வகுப்பில்லாத பாடத்திற்கு அலிகாரில் ஆசிரியர் இருந்தார் என்க.

இனி, ஆங்கிலம் பட்டப் பாடமாதற்குரிய நிலம் எங்ஙனம் பண்படுத்தப்பட்டது என்பது நோக்கற்பாலது. பழைய ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ஏட்டுப் பிரதிகளாய்ப் பல நூல்நிலையங்களிற் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி, ஒப்புநோக்கி, அச்சிட்டு வெளியிடுதற்கென்று 1864-ஆம் ஆண்டில் பர்னிவால் என்னும் அறிஞர் முதுநூற் பதிப்புக் கழகம் ஒன்றை நிறுவினார். சொற்கள் ஒவ்வொன்றின் பிறப்பையும் வழக்கையும் காலமுறையிற் காட்டும் பேரகராதியின் முதற் பகுதி 1884-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே என்பார் மறு ஆண்டில் ஆக்ஸ்போர்டிலேயே குடியேறினார். அவ்வகராதி 1928-ஆம் ஆண்டில்தான் நிறைவெய்தியது. ஒரு மொழியின் நூல்களைப் பிழையற அறியாமுன் அதனை ஆழ்ந்து கற்பித்தல் கூடாதாகலின், பதிப்பும் அகராதியும் முந்தின, பட்டம் பிந்தியது. இவ்வரன்முறை மறத்தற்குரிய தன்று.

1885-ஆம் ஆண்டில் மெர்ட்டன் கல்லூரியின் பொருளைக்கொண்டு ஆங்கில மொழிக்கும் இலக்கியத்திற்கும் ஒரு பேராசிரியர் பீடம் ஏற்பட்டது. அப்பீடத்திற்கு நேப்பியர் என்பார் தெரிந்தெடுக்கப்பட்டார். அவர் ஜெர்மனியிற் பயின்று அங்கேயே பேராசிரியராகவும் விளங்கியவர். பழைய ஆங்கிலத்தின் எழுத்து, சொல் இயல்புகளை நுணுகி ஆராய்வதில் வல்லவர். ஆயினும், பீடத்தின் பெயரில் இலக்கியமும் இருக்க, இலக்கியம் கற்பிப்பார் யாவர் என்னும் வினா எழுந்தது. வினாவை எழுப்பியவருள் முதல்வர் ஜான் சர்ட்டன் காலின்ஸ் என்பார். பேலியல் கல்லூரியிற் பயின்ற அவர், பல்கலைக் கழகத்திற்குப் புறத்தேயுள்ள பொதுமக்கட்கு விரிவுரை நிகழ்த்தி வந்தவர். அப்பீடத்தைத் தாமே விரும்பி வேண்டிப் பெறாதவருமாவர். தமது ஏமாற்றம் அவர் கிளர்ச்சிக்கு ஒரு காரணமே யாயினும், அவர் எடுத்துக்காட்டிய குறை மெய்யானதே. இலக்கியத்தை முறையுறக் கற்பிக்கும் வகுப்பு எங்கும் இன்மையால், பெயர்பெற்ற எழுத்தாளரும் வரலாற்றுப் பிழைகள் மலிந்த நூல்களை அச்சிடுகின்றனர் என்று கூறி, எட்மண்ட் காஸ் என்பாருடைய கேம்பிரிட்ஜ் விரிவுரை நூலின் வழுக்களை 1886-ஆம் ஆண்டில் ஒரு காலாண்டிதழில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அதன்பின் நாட்டின் பெரியோர் பலர்க்கும் வினாக்கள் விடுத்து, அவர் கருத்துகளைத் திரட்டிப் பத்திரிகையில் வெளியிட்டார். பேலியல் கல்லூரித் தலைவரும், போப்பையரைத் திருவாசக மொழிபெயர்ப்பில் ஊக்கியவருமாகிய பெஞ்சமின் ஜோவெட்டு என்பாரும் ஆதரவு தந்தாருள் ஒருவராவர்.

இந்நிலையில், 1887-ஆம் ஆண்டில் ஆங்கிலமும் ஏனைய ஐரோப்பிய மொழிகளும் அடங்கிய பட்ட வகுப்பொன்றை நிறுவுதற்குரிய விதி பல்கலைக் கழக அவையின்முன் வைக்கப்பட்டது. அதனை முன்னின்று எதிர்த்தவர் வரலாற்றுப் பேராசிரியராகிய எட்வர்ட் பிரீமன் என்பார். நார்மானியர் இங்கிலாந்தை வென்ற வரலாற்றைப் பல பகுதிகளாக எழுதிய பேரறிஞர் அவர். தாய்மொழிப் பகைவரும் அல்லர். பழைய ஆங்கிலச் சொற்களிற் பெரும்பற்றுடையவர். அத்தகையார் எதிர்த்தமையின், அவர் கூறிய தடைகளைப் பொருட்படுத்தி ஆராய்தல் வேண்டும். பரபக்கம் அறியாதார் தம் பக்கத்தையும் அறியார் என்பது சித்தாந்த நூல் பயின்றார் உணர்ந்ததே.

முதற்றடை: இலக்கியம் சுவை பற்றியது, சுவையைத் தேர்வினால் அளத்தல் இயலாது. ஒரு செய்யுள் ஒருவன் உள்ளத்தை உருக்கியதோ இல்லையோ என்பதை வினாத்தாள் எங்ஙனம் அறியும்? மாணவன் உருகாமலே, உருகினான்போல் எழுதுதற்குப் பிறர் கருத்துகளை நெட்டுருச் செய்வான். ஆதலின் தேர்வு மெய்ச்செய்தி பற்றியதாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாந் தடை: மொழியாராய்ச்சியினின்றும் பிரிந்த இலக்கியப் படிப்பு புலவரைப் பற்றிய வீண் பேச்சாய் முடியும். ஷெல்லி என்னும் கவிஞருடைய இல்வாழ்க்கைச் செய்திகளை உலகம் அலர் தூற்றிக்கொண்டிருந்த காலம் அது. அப்பேச்சுக்கெல்லாம் பட்டம் வழங்குவதோ என்று பிரீமன் இகழ்ந்துரைத்தார்.

மூன்றாந் தடை பொதுவாகப் பலரும் கூறியது: தாய்மொழி நூல்களை ஒருவன் தன் மனையிலிருந்து ஓய்வு நேரத்திற் படித்துக்கொள்ளலாம், உழைப்பின்றி வருவது கல்வியாகாது, கிரேக்கமும் இலத்தீனும் கற்பான் படும் பாட்டில் ஒரு சிறிதும் இதன்கண் இல்லை.

இத்தடைகளுக்கு விடை கூறியவர் ஒரு திறத்தாரல்லர். காலின்ஸ் கூறிய விடை, ஆங்கில இலக்கியத்தைக் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களோடு சேர்த்தே பயிலவேண்டும் என்பது. மில்டனை அறிய விழைவான் ஹோமரையும் வெர்ஜிலையும் அறிந்திருத்தல் வேண்டும்; முதுமொழி நூல்களைச் சுவையும் வரலாறும் பற்றி ஆராய்ந்து தேர்வு நடத்துதல் இயலுமாயின், தாய்மொழி நூல்களை அவ்வாறு ஆராய்தற்குத் தடை யாது என்பது அவர் வாதம். மொழி நூலார் கூறிய விடையோ வேறு. ஆங்கிலம் எளிதென்பார் ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஆங்கிலத்தைப் படித்துப் பார்க்கட்டும். அதன் வேற்றுமை உருபும் வினைத்திரிபும் இலத்தீனினும் எளியவல்ல. அதனை அளத்தற்குத் தெளிவான அளவுகோலும் உண்டு என்பது அவர் கருத்து. இவ்விரு விடைகளுள் முன்னது இலக்கியத்தைக் காத்தது; பின்னது தேர்வைக் காத்தது.

1887-ஆம் ஆண்டில் அவ்விதி நிறைவேறாது போயிற்று. காலின்ஸ் தளர்ந்திலர், 1891-ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கியக் கல்வி பற்றித் தனி நூலே எழுதினார். பிரீமன் 1892-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டிற் காலமானார். மீண்டும் எழுந்த முயற்சி 1893-ஆம் ஆண்டில் விதியாகி, 1894-ஆம் ஆண்டில் ஆங்கில மொழி இலக்கியச் சிறப்புப் பட்ட வகுப்பு நிறுவப்பட்டது. முதல் தேர்வு 1896-ஆம் ஆண்டில் நடைபெற்றது. அவ்வகுப்பின் பெயரை உற்றுநோக்குவார்க்கு அதன் பிறப்பு வரலாறு புலனாகும். மொழி முன்னும் இலக்கியம் பின்னுமாக நின்றன. பழைய ஆங்கிலமேயன்றி அதனொடு தொடர்புடைய கோத்திய மொழியும் பாடத்தில் இடம்பெற்றது. பிரீமன் வாதத்தால் வகுப்புத் தடைப்பட்டதே யன்றி அழிந்திலது. மற்று, அவர் கேட்ட வண்ணமே அது மொழியாராய்ச்சியைத் தாங்கிப் பிறந்தது. எதிர்த்தவர் தொடுத்த வினாவே பாடத்திட்டத்தின் எலும்பாயிற்று. காலின்ஸ் வேண்டிய கிரேக்க இலத்தீன் உறவோ அதன்கண் அமையவில்லை. அயராது உழைத்தவர் எண்ணிய வடிவில் அவ்வகுப்பு எழாமை உலகியலின் ஒரு விந்தையாம். காலின்ஸ் 1904-ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக் கழகத்திற் பேராசிரியரானார். ஆக்ஸ்போர்டில் அவர்க்கு இடம் கிடைத்திலது.

வகுப்பு ஏற்பட்ட பின்னும் இளிவரல் நீங்கவில்லை. அதனை ஆதரித்துப் பேசியவருள் ஒருவரே, பெண்பாலார்க்கும், பள்ளியாசிரியராகப் போகும் நடுத்தர, கடைத்தர மாணவர்க்கும் இது பயன்படும் என்று கூறித் தம் ஆதரவைத் தெரிவித்தார். புகழ்வார்போல் இகழ்ந்த இம்மொழி வேறொரு வகையில் மெய்யாயிற்று. 1879-ஆம் ஆண்டில் தொடங்கிய மகளிர் விடுதிகளைச் சார்ந்த பெண்மக்கள் இப்பாடத்தை மிக்க ஆர்வத்தோடு பயின்றனர். அவர்கள் தேர்வு எழுதலாம், தேறலாம். பட்டம் பெறுதல் மட்டும் 1920-ஆம் ஆண்டு வரை இயலாது. இகழப்பட்ட பாடத்தைப் பட்டம் மறுக்கப்பட்ட மாணவியர் போற்றி வளர்த்தனர். பட்டத்தை நோக்காது கல்வியையே நோக்கிய அவரது உழைப்பன்றோ ஒரு வகுப்பின் மதிப்பை உயர்த்துவது! கேம்பிரிட்ஜிலோ 1917-ஆம் ஆண்டில் தேர்வு விதிகள் திருத்தப்பட்டு, பழைய ஆங்கிலப் பயிற்சி கட்டாயம் என்னும் கட்டு நீங்கி, இலக்கியம் தன் காலில் நிற்கும் ஆங்கிலப் பட்ட வகுப்பு உருவாயிற்று. அதற்குத் துணைநின்றவருள் ஒருவர் சாட்விக் என்னும் பழைய ஆங்கிலப் பேராசிரியரே. தம் பாடம் கட்டாயமாதலின், விரும்பாதார் அதனை வெறுத்துப் படிப்பதினும், விரும்புவார் சிலரே விருப்பத்தோடு படித்தல் நன்றென அவர் எண்ணினார்.

எனினும், பிரீமன் கூறிய முதற்றடை முற்றும் விடையிறுக்கப்பட்டதோ எனின், அன்று என்றே கூறல் வேண்டும். கோத்திய மொழியின் வினைத்திரிபைத் தேர்வு அளக்கும். ஷேக்ஸ்பியரின் அவலநாடகம் ஒன்றைக் கற்றான் உள்ளத்தே நிகழ்ந்த மாற்றத்தை அளத்தற்கு அளவுகோல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நம் நாட்டு மடாலயங்களில் ஒரு மாணாக்கன் ஒரே நூலை ஆசிரியர்பால் இருமுறையும் மும்முறையும் பாடங் கேட்டான். திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்றார்க்கு வினாத்தாள் இல்லை. ஆசிரியர் உள்ளமே அளவுகோல். அம்முறையில் கற்றான் நிலை ஆசிரியர்க்குத் தெற்றெனப் புலனாயிற்று. ஊரார்க்குப் புலனாதற்கு வழி இல்லை. பட்டத் தேர்வில் ஊரார்க்குப் புலனாகின்றது. உள்ளத்து நிலையோ மறைந்து நிற்கின்றது. ஒன்றன் நிறை மற்றொன்றன் குறை. ஆகவே, பட்டம் வழங்குவோர் அதனால் அளக்கப்படாத பகுதி ஒன்று உண்டென்பதை மறவாதிருத்தலும், மரபு வழி கற்பிப்போர் உலகிற்கு அளவு காட்டவேண்டிய கடப்பாட்டை இகழாதிருத்தலும் ஒருங்கே வேண்டப்படும்.

ஆக்ஸ்போர்டில் இவ்வழக்கு நிகழ்ந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் நிலம் பண்படுத்தப்பட்டே வந்தது. ஆங்கே விதி தோல்வியுற்ற 1887-ஆம் ஆண்டில், ஈண்டு உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் ஏட்டினின்றும் அச்சேற்றினர். ஆங்கே வகுப்பு நிறுவப்பட்ட 1894-ஆம் ஆண்டில் புறநானூறு ஈண்டு வெளிவந்தது. ஆயினும் நூல் கிடைத்த அளவிலே தமிழுக்கு இடம் கிடைத்திலது. 1902-ஆம் ஆண்டில் பட்டப் படிப்பினின்றும் தமிழை விலக்க முயற்சி எழுந்தபோது, வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை எதிர்த்து முயன்று தடுத்தனர். 1911-ஆம் ஆண்டில் பட்ட வகுப்பில் தமிழ் கட்டாயப் பாடமாயிருந்த நிலை மாறிய காலத்து, மறைமலையடிகள் கல்லூரிப் பணியினின்றும் நீங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929-ஆம் ஆண்டில் தோன்றி, தமிழ்க் கல்வியைத் தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. தமிழில் சிறப்புப் பட்டம் பெறுதல் இன்று இயல்பாகத் தோன்றுகின்றது. அதன் பின்னே ஏடு தேடியவர், அவையில் வாதித்தவர், பணி துறந்தவர் என மூவகையார் உழைப்பும் உளது.

நன்னூற் பொதுப்பாயிரம் நூலினது இயல்பு, ஆசிரியனது இயல்பு, பாடஞ் சொல்லலினது இயல்பு, மாணாக்கனது இயல்பு, பாடங் கேட்டலினது இயல்பு என ஐந்தினை வகுத்துக் கூறும். ஆக்ஸ்போர்டு வழக்கை இவ்வைந்தினும் வைத்து நோக்கின் உண்மை விளங்கும். நூல், பதிப்புக் கழகத்தாலும் அகராதியாலும் அமைந்தது. ஆசிரியர், மெர்ட்டன் பீடத்தால் அமைந்தனர். பாடஞ் சொல்லும் முறை யாது, மொழியோ இலக்கியமோ என்பதிலேயே வழக்கு முழுதும் நின்றது. மாணாக்கர், பட்டமின்றியும் பயின்ற மகளிரால் விளங்கினர். பாடங் கேட்டலின் பயன் தேர்வில் எத்துணை வெளிப்படும் என்னும் வினா இன்றும் தீராது நிற்கின்றது.

புதிய பட்டப் படிப்பொன்றை அவையின்முன் வைப்பார் எவரேயாயினும், அது சித்தாந்த சாத்திரமாயினும் திருமுறையாயினும் பண்ணிசையாயினும், தாம் முன்வைக்கும் கல்வியின் பெருமையை எடுத்துரைப்பதோடு அமைதல் சாலாது. திருந்திய பதிப்பு உண்டா, கற்பிப்பார் உளரா, முறை யாது, பயில்வார் யாவர், அளப்பது எங்ஙனம் என்னும் ஐந்து வினாவிற்கும் விடையுடன் செல்லுதல் வேண்டும். எதிர்ப்பாரைப் பகைவராகக் கருதாது, அவர் வினாவைப் பாடத்திட்டத்தின் உரைகல்லாகக் கொள்ளுதல் வேண்டும். தாம் எண்ணிய வடிவிலேயே அது அமையாதொழியினும் உளந்தளராமையும் வேண்டும். பிரீமனும் காலின்ஸும் வேறு வேறு நெறி நின்று வாதிட்டனர். இருவரும் விரும்பிய வண்ணம் அன்றாயினும், இருவர் வாதத்தினின்றுமே அவ்வகுப்பு உருப்பெற்றது. ஆங்கிலத்திற்கு ஆக்ஸ்போர்டு வாயில் திறந்தது அதன் அரசின் வலிமையால் அன்று. ஏடு தேடியும் வாதித்தும் காத்திருந்தும் உழைத்தாருடைய முயற்சியாலேயாம் என்க.